மயக்க மருந்துப் பகுதியை விசாரித்தவன் நான்

நான் கட்டியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். இடையில் யாரும் மறித்துக் கேட்கக் கூடாது.

இந்த ஜேர்மனியில் நான் முதலில் கட்டியது ஒரு குளியலறை. அகதி முகாமில் உடைந்து கிடந்தது. யாரும் செய்யச் சொல்லவில்லை, கூலியும் இல்லை. முகாம் பொறுப்பாளர் அந்தத் தரையைப் பார்த்துவிட்டு என்னைத் தன் மைத்துனருடைய டைல்ஸ் கொம்பனியில் கொண்டுபோய்ச் சேர்த்தார். யாழ்ப்பாணத்தில் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், இங்கே சொந்தமாகத் தொழில் நடத்தத் தேவையான மைஸ்டர் பரீட்சையை ஜேர்மன் மொழியில் எழுதி இரண்டாந்தரம் பாஸ் பண்ணினேன். முதல்தரம் பெயிலானதை என் மனைவி ஊரெல்லாம் சொல்லித் திரிகிறபடியால் நானே இங்கே எழுதிவிடுகிறேன். பிறகு சொந்தக் கொம்பனி. நகரசபை நீச்சல் தடாகம் என் வேலை. பழைய தொழிற்சாலை மண்டபத்தில் இருக்கிற எங்கள் கோயிலின் தரை முழுவதும் என் கை. வங்கிக்காரன் ஏலாது என்று சொன்ன இடத்தில் இரண்டு மாடி வீடு. எங்கட சனம் சிரித்தது. இப்போது கலியாணப் படம் எடுக்க அதே சனம் என் வாசற்படிக்குத்தான் வருகிறது.

கடைசியாக ஒரு டொக்டரைக் கட்டினேன். என் மகள்.

“பெத்தது நான், படிச்சது அவள். நீங்கள் என்னத்தைக் கட்டினனியள்?” என்று மனைவி கேட்பாள். பள்ளிக்கூடத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் டைல்ஸ் வான் வண்டியில் ஏற்றி இறக்கியது யார் என்று நான் கேட்பேன்.

இந்த நாட்டில் மருத்துவப் படிப்பு முடிந்தால் வேலை முடிந்தது என்று அர்த்தமில்லை. ஒரு ஆஸ்பத்திரியில் சேர்ந்து ஐந்து வருஷம் வேலை செய்தபடியே சிறப்புத் துறையைப் பழக வேண்டும். மயக்க மருந்துத் துறை என்றால், அந்த ஐந்தில் ஒரு வருஷம் தீவிர சிகிச்சை வார்டில் நிற்க வேண்டும். அந்த ஒரு வருஷம் இல்லாவிட்டால் கடைசிப் பரீட்சைக்குப் போக முடியாது. இது அப்போது எனக்குத் தெரியாது. இப்போது நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

மகள் மயக்க மருந்துத் துறைக்குப் போகிறேன் என்றபோது எனக்கு விருப்பமில்லை. இதயத்தை வெட்டித் தைக்கிற டொக்டர் என்று சொல்ல ஆசைப்பட்டிருந்தேன்.

“இவ்வளவு படிச்சுப்போட்டு ஆக்களை நித்திரையாக்கப் போறியோ? அதை உன்ர மாமா கூட்டத்திலை பேசியே செய்வார்.”

“அப்பா, வெட்டுறவர் வெட்டிற இடத்தை மட்டும்தான் பாப்பார். அந்த நேரம் அந்த மனுசன் மூச்சு விடுறானோ, நெஞ்சு அடிக்குதோ எண்டு பாக்கிறது ஆர்? நான்தான்.”

அடுத்த கலியாண வீட்டிலேயே மாற்றிச் சொல்லத் தொடங்கிவிட்டேன்: வெட்டுறவன் தன்ர பாட்டில வெட்டுவான், உயிர் என்ர மகளின்ர கையில.

இரண்டு இடத்திலிருந்து நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். ஒன்று எங்கள் வீட்டிலிருந்து காரில் கால் மணித்தியாலம், பெரிய ஆஸ்பத்திரி. பெயர் சொல்லமாட்டேன். மற்றது நாட்டின் கிழக்குக் கோடியில், டிரெஸ்டனுக்கு அப்பால் ஒரு சின்ன நகரத்தில். எனக்கு எந்த இடம் வேண்டுமென்று கேட்கத் தேவையில்லை. வீட்டின் மேல்மாடியை மகளுக்கென்றே முடித்து, குளியலறைக்கு இத்தாலியிலிருந்து கல் எடுத்துப் பதித்து வைத்திருந்தேன். இருக்கிறது ஒரே பிள்ளை.

பக்கத்து ஆஸ்பத்திரிக்கு நானே கூட்டிக்கொண்டு போனேன்.

“எனக்குக் கார் ஓடத் தெரியும் அப்பா.”

“தெரியும். பதட்டத்தோடை ஓடத் தெரியாது.”

அவள் மேலே போக, நான் வாசல் மண்டபத்தில் நின்று தரையைப் பார்த்தேன். பெரிய சாம்பல் நிற டைல்ஸ். நூல் பிடித்தது போல இடைவெளி. முழந்தாளிட்டு விரலால் தடவிப் பார்த்தேன். வரவேற்பு மேசைப் பெண் எழுந்து ஓடிவந்து, விழுந்துவிட்டீர்களா என்று கேட்டாள். இல்லை, உங்கள் தரையை மதிக்கிறேன் என்றேன். தரையிலேயே இவ்வளவு கவனம் என்றால் பிள்ளைகளைப் பழக்குவதிலும் அப்படித்தான் இருப்பார்கள் என்று எனக்குள் முடிவாகிவிட்டது.

மகள் முகம் மலர்ந்து இறங்கி வந்தாள். தலைமை டொக்டர் நல்ல மனிதராம். கோப்பி கொடுத்தாராம். ஐந்து வருஷத்துத் திட்டத்தையும் சுவரில் பெரிய திரையில் போட்டுக் காட்டினாராம். இரண்டாம் வருஷமே தீவிர சிகிச்சை வார்டு. “வாறன் எண்டு ஒரு சொல் சொன்னா சரியாம் அப்பா. ஒரு கிழமைக்குள்ள பதில் வேணுமாம்.”

எனக்கு அந்த இடத்திலேயே ஓம் என்று கத்த வேண்டும் போல இருந்தது. ஆனால் விசாரிக்காமல் எப்படி?

“கொஞ்சம் பொறு பிள்ளை. நான் ஒருக்கால் விசாரிக்கிறன்.”

“ஆரிட்ட? அப்பா, இது வேலை. கலியாணம் இல்லை.”

“அஞ்சு வருஷம். இப்ப சில கலியாணமே அவ்வளவு காலம் நிக்கிறதில்லை.”

விசாரிக்கிறதற்கு எங்கள் ஆட்களிடம் ஒரு முறை இருக்கிறது. நேராகக் கேட்கக் கூடாது. நேராகக் கேட்டால் எல்லோரும் நல்லவர், எல்லா இடமும் நல்ல இடம் என்றுதான் பதில் வரும். பெயரைச் சொல்லாமல், விஷயத்தைச் சொல்லாமல், சுற்றி வளைத்துக் கேட்க வேண்டும். கேட்கப்படுகிறவர் தானாக விளங்கிக்கொண்டு, தானாகச் சொல்ல வேண்டும். என் தங்கைகளுக்கு நான் அப்படித்தான் விசாரித்தேன். ஒருவருக்கும் பிழையாகப் போகவில்லை.

அந்த ஆஸ்பத்திரியின் சமையற்கட்டில் எங்கள் பெண் ஒருவர் பல வருஷமாக வேலை செய்கிறார். வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து சாப்பாட்டு வரிசையில் நின்றபோது அவரைப் பிடித்தேன்.

“தங்கச்சி, உங்கட ஆஸ்பத்திரியில அந்த மயக்க மருந்துப் பக்கம் எப்பிடி?”

அவர் தட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். “ஏன் அண்ணை கேக்கிறியள்?”

“சும்மாதான். பிள்ளைக்கு ஒரு விஷயம் யோசிக்கிறம்.”

“ஓ… விளங்குது, விளங்குது. நீங்கள் மிச்சம் சொல்ல வேண்டாம்.”

சரியான ஆளிடம்தான் வந்திருக்கிறோம் என்று நினைத்தேன். “குணம் நடை எல்லாம் எப்பிடி?”

“தங்கம் அண்ணை. என்னைக் கண்டா அக்கா எண்டுதான் கூப்பிடும். ஆனா ஆள் இந்தியா. அது உங்களுக்குப் பறவாயில்லையோ?”

பெரிய பகுதி, மேலே ஒரு இந்திய டொக்டர் இருப்பார், அவர்தான் பழக்குகிறவர் போல என்று நானாக நினைத்துக்கொண்டேன். “எந்த நாடெண்டா என்ன? வேலை தெரிஞ்சாச் சரி. கத்திற ஆள் இல்லைத்தானே?”

“சீச்சீ. வாயே திறக்காது.”

“குடி, கிடி?”

“மரக்கறி மட்டும்தான் சாப்பிடும். நான்தான் தனியா எடுத்து வைக்கிறனான்.”

“அப்ப, பிள்ளை அஞ்சு வருஷம் சந்தோஷமா இருக்கும் எண்டுறியள்?”

“அதென்ன அண்ணை அஞ்சு வருஷக் கணக்கு? சீவியம் முழுக்க இருக்கும்! ஒரு படம் இருந்தா அனுப்பிவிடுங்கோ. நான் மெல்லமாக் கதைச்சுப் பாக்கிறன்.”

இந்த நாட்டில் வேலைக்கு எழுதிப் போடுகிறபோது படமும் சேர்த்து வைக்கிற வழக்கம் உண்டு. உள்ளே ஒரு ஆள் நல்ல வார்த்தை சொல்லப் படம் கேட்கிறார் என்று நினைத்து, மகள் விண்ணப்பத்துக்கு எடுத்த படத்தையே அனுப்பினேன். கறுப்புக் கோட்டு, இழுத்துக் கட்டிய தலைமயிர், சிரிக்காத முகம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. இந்திய இலக்கம். என் கை முழுவதும் நண்டுக் குழம்பு. மனைவியிடம் சொல்லி ஸ்பீக்கரில் போட்டேன். மகள் எதிரில் இருந்தாள்.

“சார், வணக்கம். நான் டாக்டரோட அம்மா பேசுறேன், திருநெல்வேலியிலருந்து.”

“எந்த டொக்டர்?”

“அனஸ்தீசியா டாக்டர் சார். உங்க ஏரியா ஹாஸ்பிட்டல்ல இருக்கானே, எம் பையன். கேண்டீன் அக்கா எல்லாம் சொன்னாங்களாம். பொண்ணு போட்டோ பார்த்தோம். ரொம்ப லட்சணமா இருக்கா. அந்தக் கோட்டுல கலெக்டர் மாதிரி இருக்கா சார்.”

முதலில் விளங்கிக்கொண்டவள் என் மனைவி. சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு எழுந்து குசினிக்குள் போய்விட்டாள். மகள் என்னைப் பார்த்தாள்.

“அப்பா. என்ன செய்தனீங்கள்?”

நான் நண்டைப் பார்த்தேன். அந்த அம்மா நிறுத்தவில்லை.

“ஒரு விஷயம் ஓப்பனா சொல்லிடுறேன் சார். ஒண்ணும் மறைக்கக் கூடாதுன்னு பையன் ஸ்ட்ரிக்டா சொல்லிட்டான். அவன் இன்னும் ஸ்பெஷலிஸ்ட் ஆகல. நாலாவது வருஷம் முடியப் போகுது, இன்னும் ஐசியூ போஸ்டிங் தரல. கேட்டா அடுத்த வருஷம், அடுத்த வருஷம்னு சொல்றாங்களாம். அது இல்லாம எக்ஸாம் எழுத முடியாதாமே. கூட சேர்ந்தவங்க எல்லாம் வேற எடம் பார்த்துப் போயிட்டாங்க. இவன்தான் மறுபடி பேப்பர், விசான்னு பயந்துக்கிட்டு உக்காந்திருக்கான். ஸ்பெஷலிஸ்ட் மாப்பிள்ளைன்னு சொல்லி ஏமாத்திட்டோம்னு நாளைக்கு ஒரு பேச்சு வரக் கூடாது பாருங்க.”

மகளுடைய முகத்தில் கோபம் நின்ற இடம் தெரியவில்லை. எழுந்து வந்து போனுக்குக் கிட்டக் குனிந்தாள்.

“அன்ரி, திரும்ப ஒருக்கால் சொல்லுங்கோ. நாலு வருஷத்திலயும் இன்டென்சிவ் வார்டு குடுக்கேல்லையோ?”

“அட, பொண்ணா பேசுறது? இல்லம்மா, தரவே இல்ல.” பிறகு பக்கத்தில் யாருக்கோ சொல்வது கேட்டது: “பாருங்க, அதுக்குள்ள அவளுக்கு எவ்வளவு அக்கறை!”

“அவற்ற நம்பர் தாங்கோ அன்ரி.”

“இப்பவே அனுப்புறேன்மா!”

குசினிக்குள் ஏதோ பாத்திரம் விழுந்த சத்தம் கேட்டது. மனைவிக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

போனை வைக்க முதல் உண்மையைச் சொல்ல வேண்டும். அது என் வேலை. “அம்மா, குறை நினையாதேங்கோ. நான் மாப்பிள்ளை விசாரிக்கேல்லை. மகள் அங்க வேலைக்குச் சேரப் போறாள். ஆஸ்பத்திரியைத்தான் விசாரிச்சனான்.”

அந்த அம்மா பக்கத்தில் இருந்தவருக்கு நான் சொன்னதைத் திரும்பச் சொன்னார்.

“ஆஸ்பத்திரியையா? அதை ஏன் சார் விசாரிக்கணும்?”

“ஏன் விசாரிக்கக் கூடாது?”

அந்த அம்மா, முன்னைப் போல் இல்லாமல் தணிந்த குரலில் சொன்னார்: “நாங்களும் விசாரிச்சிருக்கணும் சார். யார்கிட்ட கேக்கறதுன்னு தெரியாம அனுப்பிட்டோம்.”

அன்று பின்னேரமே மகள் அந்தப் பொடியனோடு கதைத்தாள். முதல் கொஞ்ச நேரம் இரண்டு பேரும் சிரித்தார்கள். அவன் புதுச் சட்டை வாங்கி வைத்திருந்தானாம். பிறகு அவன் ஒன்றும் மறைக்காமல் சொன்னான். தலைமை டொக்டர் கெட்டவர் இல்லை. திரையில் காட்டுகிற திட்டமும் பொய்த் திட்டம் இல்லை, அதில் அவன் பெயரும் இருந்ததுதான். ஆனால் ஆட்கள் விட்டுவிட்டுப் போகப் போக, ஒப்பரேஷன் அறைகளுக்கே கை போதாது. ஒருவரைத் தீவிர சிகிச்சை வார்டுக்கு விட்டால் ஒரு அறையைப் பூட்ட வேண்டும். அதனால் விடுவதில்லை. விடாதபடியால் இன்னும் ஆட்கள் போகிறார்கள்.

“புதுசா வர்றவங்களுக்குத் திட்டம் என்னன்னு கேக்காதீங்க,” என்றானாம். “இப்ப நாலாவது வருஷத்துல இருக்கிறவர் எப்ப ஐசியூ போனார்னு கேளுங்க.”

மகள் மற்ற நாள் காலையில் தலைமை டொக்டருக்குப் போன் எடுத்து அந்தக் கேள்வியைக் கேட்டாள். யார் சொன்னது என்று சொல்லவில்லை. அவர் கொஞ்சம் இருமிவிட்டு, அடுத்த வருஷம் நிச்சயம் என்றார். மகள் நன்றி சொல்லி வைத்துவிட்டு, மேல்மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

என் நிலைமையை நீங்கள் யோசித்துப் பாருங்கள். பக்கத்து இடம் நல்ல இடம் என்று நிரூபிக்கத்தான் நான் விசாரிக்கப் போனேன்.

டிரெஸ்டன் பக்கத்து நேர்முகத்துக்கும் நானே கார் ஓடினேன். இருட்டோடு வெளிக்கிட்டு, வழியில் மனைவி கட்டித் தந்த ரோல்ஸைச் சாப்பிட்டோம். மகள் இறங்கப் போகும்போது மிச்ச ரோல்ஸைப் பெட்டியோடு கொடுத்தேன்.

“அப்பா, இன்ரவியூவுக்கு ஆரும் ரோல்ஸ் கொண்டு போறதில்லை.”

“முழுநாளும் அவையளோடை நிண்டு வேலை பாக்கப் போறாய். சாப்பாட்டு நேரம் வெறுங்கையோடை இருப்பியோ?”

அங்கே முறை அப்படி. ஒரு நாள் முழுவதும் கூட நின்று பார்க்க விடுவார்கள். நான் வாசலில் இருந்தேன். அந்தத் தரையைப் பற்றி என்ன சொல்ல! டைல்ஸ் மூலைக்கு மூலை வெடித்திருந்தது. இடைவெளியில் நிரப்பினதைப் பார்த்தால் யாரோ கண்ணை மூடிக்கொண்டு பூசின மாதிரி. தரையை வைத்து மதிப்பிட்டால் நான் மகளை அந்தப் படியில் கால் வைக்கவே விட்டிருக்கக் கூடாது. இதை எழுதுவது எனக்கு லேசில்லை, என்றாலும் எழுதுகிறேன்: டைல்ஸ் ஆஸ்பத்திரியைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

பின்னேரம் மகள் களைத்துப் போய், வெறும் பெட்டியோடு வந்தாள். காரில் ஏறியதும் சொல்லத் தொடங்கினாள். தலைமை டொக்டர் ஒரு பெண். கேட்க முதலே இங்கே எது இல்லை என்று அவரே சொல்லிவிட்டாராம். இதய ஒப்பரேஷன் இங்கே இல்லை, அதைப் பழக சில மாதம் டிரெஸ்டனுக்கு அனுப்புவோம், இரவு வேலை கொஞ்சம் கூட என்று. மகள் அந்த நாலாம் வருஷக் கேள்வியைக் கேட்டாள். அவர் பதில் சொல்லாமல் நாலாம் வருஷக்காரரையே கூப்பிட்டு, “நீயே சொல்லு” என்று விட்டுவிட்டு வெளியே போய்விட்டாராம்.

“அவர் இன்டென்சிவ் வார்டு முடிச்சிட்டார் அப்பா. ரெண்டாம் வருஷமே.”

“ரோல்ஸ்?”

“அவர்தான் கனக்கச் சாப்பிட்டவர்.”

பெருந்தெருவில் லொறிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. மகள் யன்னலைப் பார்த்தபடி சொன்னாள்:

“அப்பா, உங்களுக்குத் துப்பரவா ஏலாது எண்டா சொல்லுங்கோ. பக்கத்தில சேர்ந்திட்டு, ரெண்டு வருஷத்துக்குப் பிறகு வேற இடம் பாக்கலாம். அம்மாவும் தனிச்சுப் போவா.”

அவள் அதை மனதோடுதான் சொன்னாள். நான் ஏலாது என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் இன்றைக்கு அவள் மேல்மாடியில் இருப்பாள். நான் காலையில் கோப்பியைக் கொண்டுபோய்க் கதவில் தட்டியிருப்பேன். அந்தச் சொல் வாய்க்குள் வந்து நின்றது. வந்ததை இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் திருநெல்வேலியில் இருந்து ஒரு தாய், யாரிடம் கேட்கிறது என்று தெரியாமல் அனுப்பிவிட்டோம் என்று சொன்ன குரல் காதில் கிடந்தது. எனக்குக் கேட்கத் தெரியும். கேட்டுத் தெரிந்துகொண்டும் விட்டேன். அதற்குப் பிறகும் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள நான் யார்?

“அஞ்சு வருஷம் அஞ்சு வருஷமா முடியிற இடத்துக்குப் போ,” என்றேன். “அம்மாவை நான் பாப்பன். நீ அந்தத் தரையை மட்டும் குனிஞ்சு பாத்திடாதை.”

அவள் சிரித்தாள். பிறகு அழுதாள். அடுத்த பெற்றோல் நிலையத்தில் நிறுத்தித் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தேன்.

கலியாணம் நடந்ததா என்று கேட்பீர்கள். இல்லை. அந்தப் பொடியன் எங்கள் வீட்டுக்கு ஒருமுறை சாப்பிட வந்தான். மனைவி மரக்கறிக் கறிகளாகவே மேசையை நிரப்பினாள். வேறு இடம் தேட மகள் அவனுக்கு உதவினாள். கார்ல்ஸ்ரூஹே பக்கம் இடம் கிடைத்து, அந்த வார்டு வருஷமும் முடித்துவிட்டான். பிறகு தன்னோடு படித்த பிள்ளையைக் கட்டினான். தாய் எனக்கு இப்போதும் தீபாவளிக்குப் போன் எடுத்து, “சார், யாராவது ஃபாரின் போறாங்கன்னா உங்ககிட்ட விசாரிக்கச் சொல்றேன்” என்பார். சமையற்கட்டுத் தங்கச்சி தனக்கும் இதில் பங்கு இருக்கிறது என்கிறார். கொஞ்சம் கொடுக்கலாம். படம் அனுப்பியது நான்.

மகள் இப்போது இரண்டாம் வருஷம். தீவிர சிகிச்சை வார்டில் நிற்கிறாள், சொன்னபடி. வாரத்துக்கு ஒருமுறை கதைக்கும்போது களைப்பில் பாதியில் நித்திரையாகிவிடுகிறாள். மயக்க மருந்து டொக்டரை என்னுடைய பேச்சு நித்திரையாக்குகிறது என்று மனைவி சொல்கிறாள்.

போன மாதம் எங்கள் சனத்து இளம் பிள்ளைகள் சிலர், மருத்துவம் படித்து முடிக்கிறவர்களுக்காக இணையத்தில் ஒரு கூட்டம் வைத்தார்கள். பயிற்சிக்கு இடம் தேர்ந்தெடுப்பது எப்படி என்று பேச மகளைக் கூப்பிட்டிருந்தார்கள். நானும் வரவேற்பறையில் இருந்து கேட்டேன். நன்றாகப் பேசினாள். திட்டத்தை நம்பாதேங்கோ, நாலாம் வருஷக்காரரைக் கேளுங்கோ, விட்டுவிட்டுப் போனவர்களைத் தேடிப் பிடியுங்கோ, ஒரு நாள் கூட நின்று பாருங்கோ. எல்லாம் சரி. இதெல்லாம் எப்படித் தெரியும் என்று ஒரு பிள்ளை கேட்டது. “கொஞ்சம் றிசேர்ச் செய்தனான்” என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள்.

றிசேர்ச்! கூட்டம் முடிந்ததும் போன் எடுத்தேன்.

“ஆர் பிள்ளை றிசேர்ச் செய்தது?”

“அப்பா, எனக்கு மாப்பிள்ளை பேசினதை அத்தனை பேருக்கு முன்னால சொல்லச் சொல்லுறியளோ?”

ஓம். சொல்லத்தான் சொல்கிறேன். அந்தக் கூட்டத்தின் பதிவு இன்னும் இணையத்தில் கிடக்கிறது, பிள்ளைகள் பார்க்கிறார்கள். இன்னொரு கூட்டத்துக்கும் மகளைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அங்கே அவள் வாயைத் திறந்ததும், ஆஸ்பத்திரியை விசாரித்தது அப்பா என்று முதலில் சொல்ல வேண்டும். டிரெஸ்டன் றோட்டில் வைத்து, ‘போ’ என்று சொன்னதும் அப்பா என்று அதற்கு அடுத்ததாகச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு அவள் விரும்பின டொக்டர்மாருக்கு எல்லாம் நன்றி சொல்லட்டும். நான் குறுக்கே நிற்கமாட்டேன்.